கருவாட்டை விட்டு ஈரலுக்கு மாறிய கதை

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் மாடுகள் காட்டுக்கரையில்தான் மேயும். பின்னேரம் பட்டிக்குத் திரும்பும்போது கிழமைக்கு ஒரு கன்றாவது குறையும். முந்தி அப்பா குளம்படி பார்த்துத் தேடிப் பிடித்து வருவார். இப்போது அவருக்குக் கண் மங்கல். காலடியை மணந்து தேட வீட்டு நாயைப் பழக்கினால் என்ன என்று தொடங்கினேன். மண்ணிற ஊர்நாய், அப்போது 8 மாதம்.

முதலில் செய்த மடவேலை, மணம் கூடினால் நல்லது என்று நினைத்து, நான் நடந்த வழி முழுக்கக் கருவாட்டுத் துண்டு போட்டது. நாய் நிலத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கிக் காற்றில் மணந்து, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நேரே ஓடியது. நாலாம் நாள் பாதி வழியில் திரும்பி, பக்கத்து வளவு மாமியின் குசினி வாசலில் போய் நின்றது. உள்ளே நெத்தலி பொரிகிறது. "தம்பி, உன்ர நாய் மாடு தேடுதோ, கறி தேடுதோ?" என்று மாமி கேட்டா.

வேட்டைக்குப் போன பழைய ஆள் ஒருவர்தான் பிழையைச் சொன்னார். தீனி நாயைக் கூப்பிடக்கூடாது, காலடியின் மணம்தான் கூப்பிட வேண்டும், காலடியில் மூக்கு வைத்தால் தீனி கிடைக்கும் என்று அது பழக வேண்டும். அதற்குப் பிறகு உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரலை நக அளவில் வெட்டினேன். இரண்டு முழச் சதுரத்துக்கு நிலத்தை நன்றாக மிதித்து, அதற்குள் மட்டும் பதினைந்து இருபது துண்டு. வெளியே ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் நாய் மிதித்த இடத்தின் விளிம்பு வரை வந்து, தானே திரும்பி உள்ளே மணக்கத் தொடங்கியது. அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு வடிவு!

பிறகு நேர்கோட்டில் 20 காலடி, ஒவ்வொரு அடியிலும் ஒரு துண்டு. சரி வந்ததும் இரண்டு அடி விட்டு, ஐந்து அடி விட்டு, கணக்கில்லாமல் வைத்தேன். ஒரே இடைவெளி என்றால் நாய் அதையும் பழகிவிடும். முடிவில் ஒரு சிரட்டைக்குள் அவித்த முட்டை. காற்று எப்போதும் நாயின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். சோளகம் அடிக்கிற நாளில் எதிர்க்காற்றில் விட்டேன், திரும்பவும் தலையைத் தூக்கிவிட்டது. விடியப் பனி ஈரத்தோடு, காலைச் சாப்பாட்டுக்கு முன் செய்வதுதான் நல்லது. வெயில் ஏறினால் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். இளைக்கிற நாய் ஒழுங்காக மணக்காது.

ஒருநாள் தடம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வருவதற்குள் ஈரல் முழுக்கச் செவ்வெறும்பு. மூக்கில் கடி வாங்கிய நாய் இரண்டு நாள் தடத்துக்குக் கிட்டவே வரவில்லை. அதற்குப் பிறகு அறுவடை முடிந்த வயலில்தான் தடம் போட்டேன். போட்டதும் விட்டுவிடுவேன்.

கன்றின் தடத்துக்கு மாற்றியதுதான் கஷ்டம். கன்றை நடத்தி, பின்னால் நானே ஈரல் வைத்துக்கொண்டு போனால், நாய் என் காலடியைத்தான் பிடிக்கிறது! தம்பி கன்றைக் கொண்டுபோனான், அடுத்த நாள் வேறொருவர், அதற்கடுத்த நாள் இன்னொருவர். மாறாமல் இருந்தது கன்றின் மணம் மட்டும்தான். தீனியையும் வழியில் வைப்பதை விட்டு, கன்றடியில் போய்ச் சேர்ந்ததும் கையால் கொடுத்தேன்.

போன ஆவணியில் ஒரு கன்று உண்மையாகவே வரவில்லை. தண்ணீர் குடித்த இடத்தில் நாயை விட்டேன். சூரைப் பற்றைக்குள் கழுத்துக் கயிறு சிக்கி நின்ற கன்றுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, என் சட்டைப் பையைப் பார்த்தது. அன்றைக்கென்று பையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்துதான் கொடுத்தேன். அதற்கு அது பிடிக்கவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். பக்கத்து நிலத்துண்டில் நாய்கள் வேலை செய்யும். வெடிமருந்து மணம் பிடித்தால் அப்படியே இருந்துவிடும். சரியாகக் காட்டிக்கொடுத்தால் அதற்குப் பரிசு தீனி இல்லை, ஒரு இறப்பர்ப் பந்து. ஏன் இறைச்சி கொடுப்பதில்லை என்று நாய்க்காரரைக் கேட்டேன். "வயிறு நிறைஞ்சா வேலை முடிஞ்சுது அக்கா, பந்து நிறையாது" என்றார். ஆனால் தான்சானியாவில் இதே வேலைக்குப் பழக்குகிற பெரிய எலிகளுக்கு வாழைப்பழம்தான் கூலி. அதனால் தீனி கூடாது என்றில்லை. எங்கள் இடத்தில் ஒரே நிலத்துண்டை இரண்டு நாய் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். நாங்கள் சோற்றுப் பார்சலைக்கூடத் தள்ளித்தான் வைப்போம்.

தம்பி, உங்கள் காட்டுக்கரையில் மண்டையோட்டுப் பலகை எங்கேயாவது நிற்கிறதா? நாய் மணத்துக்குப் பின்னால் போகும், நீங்கள் நாய்க்குப் பின்னால் போவீர்கள்.

மல்லாவியிலிருந்து:

நான் ரஸ்க்கில் முயன்றேன். கடித்து, இருமி, தூளைத் தேடி நக்குவதற்குள் தடத்தையே மறந்துவிடுகிறது. ஈரலும் தினமும் வாங்கக் கட்டாது. வேறு ஏதாவது?

ஒட்டுசுட்டானிலிருந்து:

மல்லாவிக்கு: மெல்லாமல் விழுங்கக்கூடியது எதுவும் சரி. ஒரு முட்டையை அவித்து வெட்டினால் ஒரு காலைக்குப் போதும். அதைப் பின்னேரச் சோற்றில் குறைத்துவிடுங்கள், நாய் பெருத்துவிடும்.

அக்காவுக்கு: பலகை குளக்கட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறது. அந்தப்பக்கம் கன்று போனால் நாயை நான் அவிழ்ப்பதே இல்லை. நீளக் கயிறு, அதன் நுனி என் கையில். கன்று தானாக வந்தால் வரட்டும்.