மெசி 35 வாங்கவா, போர்ட்சன் டெக்ஸ்டா வாங்கவா?

அண்ணன்மார், காக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வெல்லாவெளிப் பக்கம் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். போன மாரியில் கூலிக்குப் பிடித்த உழவு மெசின் (டிராக்டர்) சொன்ன நாளில் வரவில்லை, விதைப்பு பிந்திப் போனது. அதனால் இந்தப் பெரும்போகத்துக்கு முன்னர் பழைய உழவு மெசின் ஒன்று சொந்தமாக வாங்கியே ஆக வேண்டும்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மெசி பெர்குசன் 35, மற்றது போர்ட்சன் டெக்ஸ்டா. மெசி, மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் உள்ளது. 1959க்கு முந்திய நாலு சிலிண்டர் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று பேர் எடுத்தது, நல்ல வேளை இது அதில்லை. 1957 முதல் 1964 வரை வந்த டெக்ஸ்டாவும் மூன்று சிலிண்டர்தான், அதன் எஞ்சினும் பேர்க்கின்ஸ் வழி வந்தது. வலுவில் மெசி கொஞ்சம் கூட: அது 37 குதிரைவலு அளவு, டெக்ஸ்டா 32.

எனக்கு மனம் டெக்ஸ்டாவில்தான். சத்தமே தனி, பெட்டியும் கியரும் நல்ல நிலை. ஆனால் அதன் டீசல் பம்புக்குத் தனியாக ஒயில் பார்க்க வேண்டும், பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அந்தப் பம்ப் செய்கிற ஆள் இருக்கிறாரா? மெசிக்கு சாமான் எங்கும் கிடைக்கும், சரி. அப்புறம், இரும்புச் சில்லுப் போட்டு எங்கள் வட்டை (வயல்வெளி) சேற்றில் இறக்கினால் எது புதையாமல் இழுக்கும்? இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கொடுக்க வேண்டும்.