இந்த வாரம் கடன் வாங்கிக் கழித்தல்: வீட்டில் சொல்லித் தரலாமா, கூடாதா?

இரண்டாம் வகுப்பு அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு. இந்த வாரம் வகுப்பில் என்னென்ன நடக்கும் என்று திங்கள்கிழமை ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். மொழிப்பாடத்தில் கேட்ட கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது, செடி வளர என்னென்ன வேண்டும், கடிகாரத்தில் அரை மணி பார்ப்பது. இதெல்லாம் சரி. கணக்குக்கு வந்தால், "ஈரிலக்க எண்களில் கடன் வாங்கிக் கழித்தல். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு செய்வோம். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கும் முறையை இந்த வாரம் வீட்டில் சொல்லித் தர வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஏன் வேண்டாம்? பத்து நிமிடத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயத்துக்கு ஒரு வாரம் குச்சி எண்ணிக்கொண்டிருப்பார்களாம். நேற்று 52-லிருந்து 27 போக எவ்வளவு என்று நோட்டில் கொடுத்தேன். 35 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். தப்பு என்று தெரிந்த பிறகும் திருத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களா? பெற்றோர் நாங்கள் எதற்கு இருக்கிறோம்?

நேர்கோடு:
உங்கள் பக்கம்தான் நான். என் மகனுக்குப் போன வருடமே சொல்லித் தந்துவிட்டேன். "மேலே சின்ன எண், கீழே பெரிய எண் இருந்தால் பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, பக்கத்து எண்ணை அடித்து ஒன்று குறை." இவ்வளவுதான். இப்போது எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் செய்கிறான். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது வளர வளர தானாகப் புரியும். நம் தலைமுறை அப்படித்தான் படித்தது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
நான் பல ஆண்டுகளாக ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுப்பவள். அந்த அடிக்கோடு பார்க்க கறாராகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணமில்லாமல் போட்டதில்லை.

அம்மா, உங்கள் மகள் எழுதிய 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விடைக்கு இரண்டு வழியாக வரலாம். ஒன்று, "2-லிருந்து 7 போகாது, அப்படியானால் 7-லிருந்து 2 போகட்டும்" என்று குழந்தை தலைகீழாகக் கழிப்பது. ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஆக 35. இன்னொன்று, கடன் வாங்கத் தெரிகிறது, 12-லிருந்து 7 போய் 5 வருகிறது, ஆனால் கொடுத்த இடத்தில் ஒன்று குறைக்க மறந்துவிடுகிறது. அதுவும் 35. ஒரே தப்பு விடை, அடியில் இரண்டு வேறு குழப்பம். முதல் குழந்தைக்குப் பத்தைப் பிரிக்கலாம் என்பதே இன்னும் தெரியாது. இரண்டாவது குழந்தைக்குத் தெரியும், ஆனால் பிரித்த பத்து எங்கே போனது என்பது கையில் நிற்கவில்லை.

இன்று மாலை 53-லிருந்து 27 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 26. அவள் 34 எழுதினால் தலைகீழாகக் கழிக்கிறாள். 36 எழுதினால் குறைக்க மறக்கிறாள். அதைப் பார்த்த பிறகு எந்த முறையைச் சொல்லித் தருவது என்று பேசலாம்.

நேர்கோடு:
டீச்சர், இரண்டு குழப்பத்துக்கும் ஒரே மருந்து போதுமே. விதியைச் சரியாகச் சொல்லிக் கொடுத்து, இருபது கணக்கு செய்ய வையுங்கள். குறைக்க மறப்பதெல்லாம் பழக்கத்தில் சரியாகிவிடும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
தப்பான விதியும் பழக்கத்தில்தான் இறுகுகிறது என்பதே என் கவலை. 1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகள் கழித்தலில் செய்யும் தப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் காட்டியது, பல தப்புகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, குழந்தை ஒரு தப்பான விதியை வைத்துக்கொண்டு அதையே ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்பது. அந்த விதியோடு இருபது கணக்கு போட்டால் இருபது முறை அதை உறுதிப்படுத்திக்கொள்கிறது. பார்ப்பவருக்குக் கவனமில்லாத பிள்ளை மாதிரி தெரியும். உண்மையில் அது ரொம்பக் கவனமாகத் தப்பு செய்கிறது.

குச்சியில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மேசை மேல் ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. "இதிலிருந்து 27 எடு" என்பேன். குழந்தை இரண்டு கட்டை எடுத்து ஓரமாக வைக்கும். ஏழு உதிரி வேண்டும், இருப்பது இரண்டு. கை ஒரு நொடி நிற்கும். அப்புறம் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவும். பத்து குச்சியும் சிதறும். ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு. ஏழு எடுத்தால் ஐந்து மிச்சம், பக்கத்தில் இரண்டு கட்டு. இருபத்தைந்து. இங்கே குறைக்க மறக்க முடியாது, ஏனென்றால் அவிழ்த்த கட்டு அங்கே இல்லை. தலைகீழாகக் கழிக்கவும் முடியாது, ஏழிலிருந்து இரண்டை எடுக்க மேசையில் அந்த ஏழே இல்லை. நான் ஒரு விதியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய சிலேட்டு:
மூத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நாங்கள் படித்த காலத்தில் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலே இருக்கிற 2-ஐ 12 ஆக்குவோம். மேலே இருக்கிற 5-ஐத் தொடமாட்டோம். கீழே இருக்கிற 2-ஐ 3 ஆக்கிவிடுவோம். 12-இல் 7 போக 5, 5-இல் 3 போக 2. ஆக 25. அடித்தல் திருத்தல் குறைவு, நோட்டும் சுத்தமாக இருக்கும். பேரக்குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பள்ளியில் தப்பு போடுகிறார்கள். விடை சரியாக வரும்போது வழியில் என்ன தப்பு?

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
ஐயா, உங்கள் முறையில் தப்பே இல்லை. மேலேயும் பத்து கூட்டுகிறோம், கீழேயும் பத்து கூட்டுகிறோம், இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மாறாது. மேலே ஒன்றுகளின் இடத்தில் பத்தாகக் கூடுகிறது, கீழே பத்துகளின் இடத்தில் ஒன்றாகக் கூடுகிறது. விடை சரியாக இருக்கும்போது தப்பு போடுவதை நானும் ஏற்கமாட்டேன்.

இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு பிரவுனெல், மோசர் இருவரும் 1949-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. காரணம் சொல்லிப் புரிய வைத்தபோது பத்தைப் பிரிக்கும் முறை மேலாக நின்றது. காரணம் சொல்லாமல் இயந்திரம்போல் பழக்கியபோது உங்கள் முறை சோடை போகவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, எந்த முறை என்பதோடு எப்படிச் சொல்லித் தந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்ததுதான். நேர்கோடு சொல்வதுபோல் விதியை மட்டும் கொடுக்கப்போகிறோம் என்றால் பழைய முறையே நல்லது என்றுகூட வாதாடலாம். ஏன் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்றால் பத்தைப் பிரித்துக் காட்டுவதுதான் ஏழு வயதுக்கு எட்டும். இரண்டு பக்கமும் பத்து கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பது அந்த வயதுக்குச் சற்று உயரமான படி.

தனிப்பயிற்சி:
நான் டீச்சர் சொல்வதோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். நான்காம் வகுப்பிலும் குச்சியை விடாத பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். குச்சி இருந்தால் 25 வருகிறது, எடுத்துவிட்டால் ஒன்றும் வருவதில்லை. குச்சியில் செய்ததுக்கும் தாளில் எழுதுவதுக்கும் நடுவில் யாரும் பாலம் போடவில்லை. புரிதல் என்ற பெயரில் பயிற்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்தான்.

இன்னொன்று. இந்த விவாதத்தில் யாரும் தொடாதது. 12-லிருந்து 7 போக எவ்வளவு என்பது குழந்தைக்குச் சட்டென்று வர வேண்டும். கடன் வாங்குவதில் திணறும் பிள்ளைகளில் பல பேருக்கு நிஜமான சிக்கல் கடன் வாங்குவதில் இல்லை. பன்னிரண்டிலிருந்து விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் எந்தக் கட்டை அவிழ்த்தோம், எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோகிறது. சின்னப் பிள்ளையின் மனதில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியது கொஞ்சம்தான். அதில் பாதியை எண்ணுவதற்கே செலவழித்தால் மீதிக்கு இடம் எங்கே?

அதனால் வீட்டில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிப்பவர்கள் இதைச் செய்யலாம். 20-க்குள் கூட்டல், கழித்தல். தினம் ஐந்து நிமிடம், வாயாலேயே. 8-ம் 5-ம் எவ்வளவு? அப்படியானால் 13-இல் 8 போக? இதற்கு எந்தப் பள்ளியும் அடிக்கோடு போட்டுத் தடுக்காது.

நேர்கோடு:
இதைத்தான் நானும் சொல்கிறேன், பயிற்சி வேண்டும் என்று.

தனிப்பயிற்சி:
நீங்கள் சொல்வது வேறு, சார். உங்கள் மகனுக்கு 503-லிருந்து 147 கொடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றீர்கள். பக்கத்து வீட்டில் இருப்பது பூஜ்யம். அப்போது என்ன செய்கிறான் என்று இங்கே எழுதுங்கள்.

நேர்கோடு:
கொடுத்தேன். 0-ஐ 10 ஆக்கி, 5-ஐ அப்படியே விட்டுவிட்டு, 466 என்றான். மூவிலக்கம் இன்னும் பள்ளியில் வரவில்லை, அதனால் இதை வைத்து முடிவு சொல்ல முடியாது. பூஜ்யத்துக்கு ஒரு விதி தனியாகச் சொல்லிக் கொடுத்தால் முடிந்தது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
அங்கேதான் நாம் பிரிகிறோம், சார். விதியாகச் சொன்னால் பூஜ்யத்துக்கு ஒன்று, 500-இல் வருவதுபோல் இரண்டு பூஜ்யம் சேர்ந்து வந்தால் ஒன்று, என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கட்டு அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு இது புது விஷயமே இல்லை. பத்துக்கட்டு ஒன்றும் இல்லையா, நூறுக்கட்டை அவிழ். பத்து பத்துக்கட்டு கிடைக்கிறது. அதில் ஒன்றை அவிழ். நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று உதிரி. விடை 356. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று நான் எத்தனையோ பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். "அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்பார்கள். உங்கள் மகன் 10 என்று எழுதியபோது அதில் ஒரு பத்தை உதிரிக்குக் கொடுத்ததையும் பார்க்கவில்லை, அந்தப் பத்து நூறிலிருந்து வந்ததையும் பார்க்கவில்லை. பார்க்கும் வாய்ப்பை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

தனிப்பயிற்சி சொன்ன பாலம் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. குச்சியை அவிழ்க்கும்போதே பக்கத்தில் தாளில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும். கை செய்வதும் பென்சில் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். திங்கள், செவ்வாய் வெறும் குச்சி. புதன் முதல் குச்சியும் தாளும். வாரக் கடைசியில் குச்சியை எடுத்துவிட்டுக் கட்டையும் உதிரியையும் படமாக வரையச் சொல்வேன், நீளக் கோடு பத்து, புள்ளி ஒன்று. அடுத்த வாரம் வெறும் எண். இந்தப் பள்ளியும் "இந்த வாரம்" என்றுதானே போட்டிருக்கிறது? மேலும் கீழும் எழுதிக் கழிப்பதை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பழைய சிலேட்டு:
தாள் இல்லாமலும் செய்யலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். 27-லிருந்து 30-க்கு 3, 30-லிருந்து 50-க்கு 20, இன்னும் 2. மொத்தம் 25. கடனும் இல்லை, கட்டும் இல்லை. நான் நடந்துகொண்டே இப்படித்தான் போடுவேன்.

தனிப்பயிற்சி:
அருமையான வழி, ஐயா. ஆனால் அதை இந்த வாரமே நுழைக்காதீர்கள். ஒரே வாரத்தில் பள்ளியில் ஒன்று, அம்மா ஒன்று, தாத்தா ஒன்று என்று மூன்று வழி வந்தால் பிள்ளை எதையும் பாதியில்தான் வைத்திருக்கும்.

இரண்டாம் வகுப்பு அம்மா:
53 கொடுத்துப் பார்த்தேன். 34 என்று எழுதினாள். எப்படிப் போட்டாய் என்றதும் விரலை 7-இன் மேல் வைத்து, "பெரியதிலிருந்துதானே சின்னதை எடுக்கணும்" என்றாள். போன வருடம் ஒற்றை இலக்கக் கழித்தலில் நான் சொன்ன வாக்கியம்தான், அப்போது அது சரிதான். அதையே இங்கேயும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, மேலும் கீழும் எழுதும் முறையை இந்த வாரம் தொடமாட்டேன். ஆனால் பள்ளிமேல் உள்ள வருத்தம் போகவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு வரி எழுதியவர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். இங்கே வந்து கேட்டதால் எனக்குத் தெரிந்தது. கேட்காத பெற்றோர் என்ன செய்வார்கள்? ராத்திரி உட்கார்ந்து சொல்லித் தந்துவிடுவார்கள்.

டீச்சர், ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கு வந்துவிட்டது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
உங்கள் வருத்தம் நியாயம். அந்த இரண்டு வரியை நாங்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் வெறும் எண் தொடங்கிய பிறகு நான்கு கணக்கு கலந்து கொடுங்கள். 64-28, 58-23, 71-46, 40-17. இரண்டாவதில் கட்டை அவிழ்க்கவே வேண்டியதில்லை. அங்கேயும் 5-ஐ அடித்து 4 ஆக்கினால் பழக்கத்தில் செய்கிறாள், பார்த்துச் செய்யவில்லை என்று அர்த்தம். கடைசியில் பூஜ்யம் இருக்கிறது, 37 என்று எழுதினால் தலைகீழ்க் கழித்தல் இன்னும் ஒளிந்திருக்கிறது, சரியான விடை 23. அவள் விடை எழுதிய பிறகு எடுத்ததையும் மிச்சத்தையும் கூட்டச் சொல்லுங்கள். 23-ம் 17-ம் சேர்ந்து மறுபடி 40 வருகிறதா என்று அவளே பார்க்கட்டும். நீங்கள் டிக் போட வேண்டாம்.

நேர்கோடு:
பெரிய எண்கள் வரும்போது வேகம் வேண்டும், அதற்கு விதிதான் கைகொடுக்கும் என்பதில் நான் மாறவில்லை. அந்த 503 கணக்குக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை குச்சி கட்டிப் பார்க்கிறேன். நூறுக்கட்டு ஐந்து வேண்டுமே, அத்தனை குச்சிக்கு என்ன செய்வது?

தனிப்பயிற்சி:
தாளில் வெட்டுங்கள். பெரிய சதுரம் நூறு, நீளப் பட்டை பத்து, சின்னத் துண்டு ஒன்று. சதுரத்தில் பத்து பட்டைக்கும் கோடு போட்டு வையுங்கள், மாற்றும்போது அளவு ஒத்துப்போவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.