மாயா பே கடற்கரை மூடியிருந்தும் டிக்கெட் விற்றிருக்கிறார்கள், பணத்தைத் திரும்ப வாங்க வழி?

தாய்லாந்து, புக்கெட்டிலிருந்து பீ பீ தீவுகளுக்கு ஒரு நாள் ஸ்பீட்போட் பயணம். ஆகஸ்ட் 14, இரண்டு பேர், 3,600 பாட், கிரெடிட் கார்டில் கட்டியது. டிக்கெட்டில் ‘மாயா பே, இறங்கி 1 மணி நேரம்’ என்று தெளிவாக இருக்கிறது. படகு மிதவைக் கயிற்றுக்கு வெளியே என்ஜினை அணைக்காமலே பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது. மணல் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது.

காரணம் கேட்டால் ‘அலை அதிகம்’ என்கிறார்கள். ஆனால் பவளப்பாறை மீள்வதற்காக அந்தக் கடற்கரையை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடுகிறார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும் படகு பின்பக்கம் லோ சமா விரிகுடாவில்தான் நிற்கும், அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும். இது படகுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேசியப் பூங்கா கட்டணம் ஆளுக்கு 400 பாட் தனியாக வாங்கினார்கள். அதே பூங்காவில் உள்ள மூங்கில் தீவில் இறங்கியதால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

கவுன்ட்டரில் கேட்டாயிற்று, மறுத்துவிட்டார்கள். இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. முன்பதிவு தளம் படகு நிறுவனத்தையே கேட்கச் சொல்கிறது. சுற்றுலாக் காவல் எண் 1155-இல் புகாரைக் குறித்துக்கொண்டார்கள், அதோடு சரி. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, நேரம் பதிவான படங்கள் கையில் இருக்கின்றன.

டிக்கெட்டின் அடியில் ‘வானிலையைப் பொறுத்துத் திட்டம் மாறலாம்’ என்ற வரி இருக்கும்போது, ‘சொன்ன சேவை தரப்படவில்லை’ என்று வங்கியில் கார்டு டிஸ்ப்யூட் (கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் முறையீடு) போட்டால் எந்த ஆதாரம் எடுபடும்?