பயஸ்: சார்பா, சாய்வா, முன்னழுத்தமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தனக்கென்று ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தானே கட்டுவதற்கான கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 'பயஸ்' என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையான கிரிட்டின் மின்னழுத்தத்தை, எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடைவிடக் கீழே பிடித்து, கிட்டார் சும்மா இருக்கும்போது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை அடக்கி வைப்பது அது. பள்ளிப் பாடநூல் 'சார்பு' என்கிறது. போடலாமா?

—

> பள்ளிப் பாடநூல் 'சார்பு' என்கிறது

வேண்டாம் தம்பி. கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன். செய்தியில் ஒருதலைச் சார்பு. 'சாய்வு' என்று வையுங்கள். சாய், சார், சரிவு எல்லாம் பொருளில் நெருங்கிய சொற்கள். சாக்கடையே சாய்கடைதான். "அவருக்கு அங்கே சாய்கால் உண்டு" என்கிறோமே, அது பயஸ் இல்லாமல் வேறென்ன?

—

ஐயா, சாக்கடை வரை போய்விட்டீர்கள்! வரைபடத்தில் சாய்வு என்றால் ஸ்லோப். வால்வின் வளைகோடுகளைப் படிக்கும்போது அதுவும் வருமே, எந்தச் சாய்வு என்று கேட்கமாட்டார்களா? சார்பே இருக்கட்டும். சார்பெழுத்து தனித்து நில்லாது; கிரிட் அழுத்தத்தையும் கேத்தோடைச் சார்ந்துதான் அளக்கிறோம்.

—

> கேத்தோடைச் சார்ந்துதான் அளக்கிறோம்

எந்த மின்னழுத்தம் இன்னொரு புள்ளியைச் சாராமல் இருக்கிறது? ஜெர்மானியர் இதை 'ஃபோர்ஷ்பானுங்' என்பார்கள். ஃபோர் முன், ஷ்பானுங் அழுத்தம். இசை வருமுன்பே வந்து நிற்பதால் 'முன்னழுத்தம்'.

—

ஆங்கிலத்தை விரட்ட ஜெர்மனைக் கூப்பிடுவதுதான் தனித்தமிழோ?

—

கேட்டவன் மறுபடி வருகிறேன். என் உண்மையான கவலை 'ஃபிக்ஸட் பயஸ்'. 'நிலையான' என்று எழுதினால் தொடக்கூடாது என்று நினைப்பார்கள். ஆனால் வால்வு மாற்றும்போதெல்லாம் திருகிச் சரிசெய்ய வேண்டியது அதுதான். இ.எல்.34 வால்வில் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு தாங்குவது 25 வாட். கிட்டார் சும்மா இருக்கும்போது அதில் 70 விழுக்காட்டில் நிறுத்தினால் 17.5 வாட், தகட்டில் 450 வோல்ட் இருந்தால் ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர். நான் கட்டிய முதல் பெட்டியில் பயஸ் கம்பியின் சால்டர் விட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கரில் ஒரே உறுமல், எட்டிப் பார்த்தால் தகடு நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு பொட்டு. சுவிட்சை அணைப்பதற்குள் அது காசு அகலம் ஆகிவிட்டது. வாசகர் இந்தச் சொல்லைப் பார்த்ததும் கை மீட்டருக்குப் போகணும், அகராதிக்குப் போகக்கூடாது.

—

அப்படியென்றால் 'தனிவழங்கு முன்னழுத்தம்' என்று வையுங்கள். தனி எதிர்மின் வழங்கியிலிருந்துதானே வருகிறது. கேத்தோடு மின்தடையத்தால் வால்வு தானே அமைத்துக்கொள்வது 'தன்முன்னழுத்தம்'. முதல் தடவை 'பயஸ் என்னும் முன்னழுத்தம்' என்று எழுதிவிட்டு, அப்புறம் பயஸ் என்றே ஓட்டுங்கள்.

—

சரி, அப்படியே விடுகிறேன். நான்கு பேர் ஆமோதித்திருக்கிறீர்கள், இருவர் தூங்கிவிட்டீர்கள் போல. மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்ற எச்சரிக்கையை இன்னும் எழுதவில்லை, அங்கே போகணும்.

—

என் 'சாய்கால்' பதிவில் இருக்கட்டும். அது சரி தம்பி, ஆம்ப்ளிஃபயருக்கு என்ன போட்டீர்கள்? 'பெருக்கி'யா? பெருக்குமாறு நினைவுக்கு வரவில்லையா? 'மிகைப்பி' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.