புதுப்பிப்பு: அறுவடைக்குப் பிறகு எந்தத் தீவு?

சம்பா அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு ஒரு சின்னத் தீவுக்குப் போக வேண்டும், லட்சத்தீவா அந்தமானா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுமே இல்லை, இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணம் பக்கம் உள்ள நெடுந்தீவுதான். லட்சத்தீவுக்கு முன் அனுமதி வாங்கிக் கொச்சிக்கு ஓட வேண்டும். அந்தமான் செலவைக் கேட்டதுமே அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம்தான். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கப்பல், ஏறத்தாழ 4 மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை இது. அதனால் ஐப்பசி, கார்த்திகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். மாசியில் களமும் காலி, கடலும் அடங்கியிருக்கும். இருந்தாலும் கப்பல் தாமதமானால் சமாளிக்க ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் தங்கி, குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் போக வேண்டும், சுமார் ஒரு மணி நேரம். பவளக்கல் அடுக்கிய வேலிகள், டச்சுக் கோட்டையின் இடிபாடு, பெருக்கமரம் (பாவோபாப்), மேய்ந்து திரியும் குதிரைகள். குதிரை என்றதுமே பிள்ளைகள் கட்சி மாறிவிட்டார்கள். அம்மாவுக்கோ அதே துறையிலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் படகு உண்டு என்பதே போதும்.

எல்லோருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இலங்கைக்கான இணைய அனுமதியும் கப்பல் டிக்கெட்டும் பாக்கி. நெடுந்தீவிலேயே இரவு தங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள். வயதானவர்களுக்கு அது தோதாக இருக்குமா?