இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு வைடால் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டலாமா?

மதுரைவாசி: தம்பி மகனுக்கு வயது 9. முந்தாநாள் காய்ச்சல் தொடங்கியது, நேற்று ரத்தம் எடுத்தார்கள். வைடால் ரிப்போர்ட்டில் 'ஓ' 1:160, 'எச்' 1:80. உடனே டைஃபாய்டு என்று செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி தொடங்கிவிட்டார்கள். இந்த ஒரு ரிப்போர்ட் போதுமா?

ஆய்வகத்தான்: போதாது. வைடால் கிருமியைத் தேடுவதில்லை. உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. அது ஏறவே ஒரு வாரம் பிடிக்கும். 'ஓ', 'எச்' என்பவை டைஃபாய்டு கிருமியின் இரண்டு ஆன்டிஜன்கள், அதாவது உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கும் பகுதிகள். 1:160 என்றால் சீரத்தை 160 மடங்கு நீர்த்தும் வினை தெரிகிறது என்று பொருள். நம் ஊரில் நலமாக நடமாடுகிறவர்களுக்கே 1:80 இருக்கும், சிலருக்கு 1:160கூட வரும். ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு சாயமேற்றிய ஆன்டிஜன், ஒரு நிமிடம் ஆட்டிவிட்டுத் துகள் திரள்கிறதா என்று கண்ணால் பார்க்கிறோம். மாலை நேரக் கூட்டத்தில் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை. 1896ஆம் ஆண்டின் முறை ஐயா இது!

சிற்றூர் டாக்டர்: பழையது என்பதாலேயே பயனற்றதாகிவிடாது. பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்வீர்கள். விடை வர மூன்று நாளாவது ஆகும். அதுவும் டைஃபாய்டு நோயாளிகளில் பாதிப் பேரைத்தான் பிடிக்கும். பல நேரம் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இருக்காது; குழந்தையிடம் இரண்டு மூன்று மில்லி எடுத்தால் நழுவாமல் என்ன செய்யும்? மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு வந்தால் அந்தப் பாதியும் போச்சு.

ஆய்வகத்தான்: கல்ச்சர் பாதியைத் தவறவிடுகிறது, சரி. அதற்காக வைடாலை நம்ப வேண்டுமா? பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதற்குள் பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான், யார் எடுக்கிறார்கள்? எந்த மருந்து கேட்கும் என்பதைக் கல்ச்சர் சொல்லும், வைடால் சொல்லாது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைஃபாய்டுக்கு இதே செஃப்ட்ரையாக்சோன் கேட்கவில்லை. ஊசிக்கு முன் கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும்.

செவிலியம்மா: குறுக்கிடுகிறேன். பையனுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டதால் இப்படி வந்திருக்குமோ?

ஆய்வகத்தான்: இப்போது போடும் ஊசிகள் 'விஐ' என்ற வேறு ஆன்டிஜனைச் சார்ந்தவை. 'ஓ', 'எச்' அதனால் ஏறாது.

சிற்றூர் டாக்டர்: பத்து நாள் விடாத காய்ச்சல், மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது. அந்த ஆளுக்கு 1:320 என்றால் நான் மருந்து கொடுப்பேன், கல்ச்சர் வசதியில்லாத ஊரில் நீங்களும் கொடுப்பீர்கள். ஆனால் இரண்டாம் நாளில் வைடாலுக்கு நானே எழுத மாட்டேன். மதுரைவாசி, டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை பார்த்தார்களா? பிளேட்லெட் எவ்வளவு?

மதுரைவாசி: என்எஸ்1 எடுக்கவில்லை. பிளேட்லெட் 1,10,000 என்று அடியில் போட்டிருக்கிறது.

ஆய்வகத்தான்: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! பிளேட்லெட் குறைந்திருக்கிறது, டெங்குவாக இருக்கலாம். என்எஸ்1 கிடைப்பது இந்த முதல் சில நாட்களில்தான். இன்றே எடுங்கள்.

சிற்றூர் டாக்டர்: ஆமாம், இன்றே. பிளேட்லெட்டையும் ஹெமடோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தினமும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வைடால் சண்டையை நாங்கள் பிறகு வைத்துக்கொள்கிறோம்.