மறு: ஏட்ரியம் – மேலறையா, சோணையறையா, முன்றிலா?

அன்புடையீர், வணக்கம்.

செவிலிய மாணவியருக்கான உடலியங்கியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதயத்துக்கு வந்துசேரும் குருதியை முதலில் வாங்கும் அறையான ஏட்ரியத்துக்கு (atrium) இன்னும் தமிழ்ச்சொல் அமையவில்லை; தலைப்பிலுள்ள மூன்றும் நம் குழுவினர் முன்மொழிந்தவை. ஆகவே என் கருத்தைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

‘மேலறை’ எளிய சொல்தான். ஆனால் சென்ற வாரம் வகுப்பில் ஆட்டு இதயம் ஒன்றைத் தட்டில் வைத்து அறுத்துக் காட்டியபோது, ஒரு மாணவி அதைப் புரட்டிப் பார்த்து, “இதில் எது மேல், எது கீழ்?” என்று கேட்டாள். நம் நெஞ்சுக்குள்ளும் இதயம் நேராக நிற்பதில்லை, சாய்ந்தே இருக்கிறது. இடப்பக்க ஏட்ரியம் பின்புறமாக, உணவுக்குழாயை ஒட்டி அமைந்திருக்கிறது.

ஈழத்து நண்பர் முன்மொழிந்த ‘சோணையறை’ இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். ஏட்ரியத்துக்கு முன்பு வழங்கிய, இலத்தீனில் ‘சிறு காது’ எனப் பொருள்படும் ‘ஆரிக்கிள்’ என்பதற்கு அது நன்றாகவே பொருந்துகிறது. காதுச் சோணை என்பது அங்கே பேச்சு வழக்கிலும் உள்ளது. ஆட்டு இதயத்திலும் ஏட்ரியத்திலிருந்து நீண்டிருக்கும் சிறு மடல் காதைப் போலவே மடிந்து கிடந்தது. ஆயினும் இன்றைய உடற்கூற்றியலில் ஆரிக்கிள் என்பது அந்த மடலை மட்டுமே குறிக்கும். எனவே சோணையை மடலுக்கே விட்டுவைப்பது முறை.

‘முன்றில்’ என்று ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ‘இல்முன்’ முன்பின்னாக மாறி நின்ற இலக்கணப்போலி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஏட்ரியம் என்பது உரோமானியர் வீட்டின் உள்ளே, வானம் பார்த்திருந்த கூடம். முன்றிலோ வீட்டுக்கு முன்னே இருப்பது. செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவைச் சொன்னால் ஓரளவு பொருந்தும். அதுவும் யாழ்ப்பாணத்தாருக்கு வீட்டைச் சுற்றியுள்ள நிலம் என்றே பொருள்படும்.

செயலைக் கொண்டே பெயரிடலாம் என்பது என் துணிபு: ஏட்ரியத்துக்கு ‘ஏற்பறை’, அதிலிருந்து குருதியைப் பெற்று வெளியே தள்ளும் அறையான வென்ட்ரிக்கிளுக்கு ‘உந்தறை’. வல ஏற்பறை உடலெங்குமிருந்து திரும்பும் குருதியையும், இட ஏற்பறை நுரையீரல்களிலிருந்து 4 சிரைகள் வழியே வரும் குருதியையும் ஏற்கின்றன. வல உந்தறை அருகிலுள்ள நுரையீரல்களுக்கும், இட உந்தறை தலை முதல் கால் வரைக்கும் உந்த வேண்டியிருப்பதால், பின்னதன் சுவர் ஏறத்தாழ 3 மடங்கு தடித்திருக்கிறது. அறுத்த இதயத்தை விரலால் அழுத்திப் பார்த்த மாணவியர் இதைச் சொல்லாமலே உணர்ந்தார்கள்.

“ஏட்ரியமும் சுருங்கி உந்துகிறதே” என்ற மறுப்பு வலுவானது. ஆனால், உடல் ஓய்வாக இருக்கையில், இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள வால்வு திறந்தவுடன் குருதியின் பெரும்பகுதி தானாகவே உந்தறைக்குள் பாய்ந்துவிடுகிறது. ஏட்ரியத்தின் சுருக்கம் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஏற்பதே அதன் முதற்பணி.

பெரும்பான்மை மேலறைக்கே என்றால் கையேட்டில் அதுவே அச்சாகட்டும். நான் தடுத்து நிற்கவில்லை. சொல்லடைவில் ‘ஏற்பறை’க்கு ஒரு வரி ஒதுக்குமாறு மட்டும் பதிப்பாசிரியரை வேண்டிக்கொள்கிறேன்.